பெயரடைவு

பதினோரு ஆண்டுகளாகக் கங்காதரன் கையெழுத்திட்டுவந்த இடம், அலுவலக வருகைப் பதிவேட்டில் தட்டச்சருக்குக் கீழே, தோட்டக்காரருக்கு மேலே இருந்தது. செங்கல்பட்டில் ஏரிக்கரையை ஒட்டியிருந்த அந்தப் பல்கலைக்கழக முதுகலை மையத்தில் ஆசிரியர்களுக்கென்று வேறொரு பதிவேடு உண்டு. அது இயக்குநரின் அறையில், மேசைமீது, துணி அட்டை போட்டுக் கம்பீரமாகக் கிடக்கும். பொருளியலில் முதுகலை, அதன்மேல் நூலக இயலில் பட்டம் என்று இரண்டு சான்றிதழ்களை வைத்திருந்தும் அந்த அட்டையைத் திறக்கும் உரிமை கங்காதரனுக்கு இல்லை. ஆணைகளின் மொழியில் அவர் 'ஆசிரியர் அல்லாத பணியாளர்'. தாம் எதுவாக இல்லையோ அதைச் சொல்லியே தம்மை அடையாளம் காட்டுகிறார்கள் என்பது அவருடைய நெடுநாளைய மனக்குறை.

விழா என்று ஒன்று வந்துவிட்டால் போதும். படிப்பறையின் நாற்காலிகள் பந்தலுக்குப் புறப்பட்டுவிடும். பேராசிரியர்கள் துண்டுச்சீட்டில், "நூலகர், நாற்காலி ஆறு, உடனே" என்று எழுதி அனுப்புவார்கள். கங்காதரன் அந்தச் சீட்டை இரண்டு முறை படிப்பார். பிறகு நாற்காலிகளை அனுப்பிவிடுவார்.

"போர்டை மாத்திடலாம் சார்," என்பார் நூலக அட்டெண்டர் மாயவன். மாமல்லபுரத்துக்கு வடக்கே சவுக்குமேட்டுக் குப்பத்தைச் சேர்ந்தவர்; வாரத்தில் ஆறு நாள் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை கட்டுமரம். "லைப்ரரின்னு எழுதிக்கீறத அழிச்சிட்டு, நாற்காலி வாடகைக்கு வுடப்படும்னு போட்டுட்டா பேஜாரு வுட்டுது. நமக்கும் ரெண்டு வேள சாம்பார் சாதம் கெடைக்கும்."

"உன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு, மாயவா."

"நான் சும்மா கீறேன் சார். நாற்காலிதான் ஊர் சுத்துது."

நூலகருக்கும் விரிவுரையாளருக்கு நிகரான தகுதி வழங்க வேண்டும் என்று கங்காதரன் முதலில் மனுக் கொடுத்தது எழுபத்து நான்காம் ஆண்டில். அன்றைக்கு இயக்குநர் பார்த்தசாரதி மனுவை மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துவிட்டு, "புத்தகத்தை எடுத்துக் குடுக்கறீங்க, திருப்பி வாங்கறீங்க. இதுல கல்விப்பணி எங்க இருக்குது? இருந்தா காட்டுங்க, பாக்கலாம்," என்று சொன்னார். வேறொருவராக இருந்தால் அதை அவமதிப்பு என்று எடுத்துக்கொண்டிருப்பார். கங்காதரனோ அதை ஒரு பணிப்பாக எடுத்துக்கொண்டார். காட்ட வேண்டும், அவ்வளவுதானே?

அன்றுமுதல் அவர் ஒரு நோட்டு எழுதத் தொடங்கினார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த நூலகத்தின் முறைப்படி, யார் எந்தப் புத்தகத்தைப் படித்தார் என்பதற்கு அடையாளமே மிஞ்சாது. ஒவ்வொரு வாசகரிடமும் சிறு பை போன்ற சீட்டுகள் இருக்கும். புத்தகம் வெளியே போகும்போது அதன் அட்டையை வாசகரின் சீட்டுக்குள் செருகி வைப்பார்கள். புத்தகம் திரும்பியதும் அட்டை புத்தகத்துக்கும் சீட்டு வாசகருக்கும் போய்விடும். எஞ்சுவது தேதி முத்திரை மட்டும். கங்காதரன் இந்த முறையைப் புதிய மாணவர்களுக்கு விளக்கும்போது, "நீங்கள் என்ன படித்தீர்கள் என்பது உங்களுக்கும் புத்தகத்துக்கும் இடையில்" என்று சற்றே நாடகத்தனமாகச் சொல்லி முடிப்பது வழக்கம்.

அவருடைய நோட்டு அந்த முறைக்கு வெளியே இருந்தது. யார் வந்தார், எதைத் தேடினார், கேட்ட நூல் எது, கேட்காமலே தாம் பரிந்துரைத்த நூல் எது என்று நாள்வாரியாக, அச்சடித்ததுபோன்ற கையெழுத்தில் எழுதினார். இரண்டு ஆண்டுகளில் இரண்டு நோட்டுகள் நிறைந்து, மூன்றாவது தொடங்கியிருந்தது. எழுபத்தாறாம் ஆண்டு தொடக்கத்தில் அவர் மீண்டும் கொடுத்த மனுவின் ஏழாம் பத்தியில், "வாசகரின் படிக்கும் சுதந்திரத்துக்கு நூலகரே காவலர்" என்று எழுதியிருந்தார். எட்டாம் பத்தியில், தம் கல்விப்பணிக்குச் சான்றாக மூன்று நோட்டுகள் இருப்பதாகவும், ஆணையிட்டால் பணிவுடன் சமர்ப்பிப்பதாகவும் எழுதியிருந்தார். இந்த இரண்டு பத்திகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தது அவர் கண்ணில் படவில்லை.

அந்த நோட்டுகளில் மிக அதிகமாக இடம்பெற்ற வாசகர், வரலாற்றுத் துறையில் ஆண்டுதோறும் பணி புதுப்பிக்கப்படும் தற்காலிகப் பயிற்றுநர் நூர்முகமது. கோவளத்துக்காரர். திருப்போரூர் வழியாக இரண்டு பேருந்து மாறி வருவார்; வந்ததும் வகுப்புக்குப் போகுமுன் நூலகத்தில் தலையைக் காட்டுவார்.

"சார், நேத்து நான் ஒரு புக்கு கேட்டேன், நீங்க மூணு குடுத்தீங்க. கேட்டதுல ஒண்ணுமில்ல. கேக்காத ரெண்டுலதான் சரக்கு இருந்துது," என்று ஒருநாள் சொன்னார்.

"அதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்," என்றார் கங்காதரன். அன்று மாலை வீடு போகும்வரை அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த ஆண்டு மாசி மாதத்தில், சவுக்குமேட்டுக் குப்பத்தைக் கடலோரத்திலிருந்து அப்புறப்படுத்திவிட்டு அங்கே ஒரு விருந்தினர் விடுதி கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. குப்பத்துக்கு அந்த மணலில் உரிமை உண்டா என்று நூர்முகமது தேடிக்கொண்டிருந்தார். கங்காதரனே ஒருநாள் அடுக்கின் பின்வரிசையில் இருந்த ஐம்பதாண்டுப் பழைய நில அளவைக் குறிப்பேட்டை எடுத்து, தூசி தட்டி, பக்கத்துக்கு அடையாளம் வைத்து, அவர் முன்னால் வைத்தார். அந்த மணல் குப்பத்தாரின் பொதுநிலம் என்று அதில் பதிவாகியிருந்தது. நூர்முகமது எழுந்து நின்றுவிட்டார். மாயவன் அன்றைக்கு இருவருக்கும் தம் செலவில் டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்றைய பதிவைக் கங்காதரன் நோட்டில் அரைப் பக்கத்துக்கு எழுதினார். "நூலகர் தாமாகவே கண்டறிந்து வழங்கியது" என்ற வரியின்கீழ்ச் சிவப்பு மையில் கோடிட்டார்.

ஒரு மாதத்தில், குப்பத்தின் மணல் உரிமையைப் பற்றிப் பெயர் போடாத கட்டுரை ஒன்று சென்னையிலிருந்து வரும் சிறிய பத்திரிகையில் வெளிவந்தது. நெருக்கடி நிலைக் காலம். அரசாங்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இருமுறை யோசித்த காலம். அந்த வாரமே இயக்குநரிடமிருந்து கங்காதரனுக்கு அழைப்பு வந்தது.

"உக்காருங்க, கங்காதரன்."

பதினோரு ஆண்டுகளில் அந்த அறையில் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"உங்க மனுவைப் படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. யூனிவர்சிட்டி சிண்டிகேட்டுக்கு நானே சிபாரிசு பண்ணலாம்னு இருக்கேன்." இயக்குநர் மேசையிலிருந்த பத்திரிகையை விரலால் நகர்த்தினார். "இது ஒரு தலைவலி. ஏதோ பழைய நில அளவைக் குறிப்புன்னு எழுதியிருக்கான். அந்தக் குறிப்பேடு இந்த ஜில்லாவுலயே நம்ம லைப்ரரில மட்டும்தான் இருக்குதாம். யார் பாத்தான்னு மேலேர்ந்து கேக்கறாங்க."

"நம் முறைப்படி, சார், அடையாளம் எதுவும்..."

"முறைப்படி இருக்காது. தெரியும். ஆனா மூணு நோட்டு இருக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே? உங்க மனுவுக்கு ஆதாரமாத்தானே? அதைத்தான் கேக்கறேன். நாளைக்குக் கொண்டாந்து குடுங்க. மனுவும் நோட்டும் சேந்தே போகட்டும்."

எதற்காகக் கேட்கிறார் என்பது கங்காதரனுக்குப் புரிந்தது. புரியவில்லை என்று பிற்காலத்தில் அவரால் ஒருமுறைகூடத் தமக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அத்தனை தெளிவாகப் புரிந்தது.

நூலகத்துக்குத் திரும்பியதும் மாயவனிடம் விஷயத்தைச் சொன்னார். மாயவன் ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"எலி கட்சிடுச்சின்னு சொல்லிடுங்க சார். போன வருசம் இங்கிலீஷ் டிக்சனரிய கட்சிதா இல்லியா? அதே எலிதான்னு நான் சாட்சி சொல்றேன்."

"பொய் சொல்லச் சொல்கிறாயா?"

"பொய் இன்னா சார் பொய்? நோட்ட எங்கிட்ட குடுங்க. நானே எலியாய்க்கிறேன்."

கங்காதரனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நோட்டைக் கொடுக்கவில்லை. மாயவன் போனபின் கதவைச் சாத்திவிட்டு மூன்றாம் நோட்டைத் திறந்தார். அந்த அரைப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடலாம் என்றுதான் நினைத்தார். கத்தரிக்கோலையும் எடுத்தார். ஆனால் மூன்று நோட்டுகளிலும் அதைவிடச் சிறந்த பதிவு ஒன்றுகூட இல்லை. கேட்காததைக் கண்டறிந்து கொடுத்தது, அதிலிருந்து ஓர் ஆராய்ச்சி பிறந்தது... கல்விப்பணி எங்கே என்று கேட்டாரே, இதோ! அதைக் கிழித்துவிட்டால் மிச்சமிருப்பது புத்தகம் எடுத்துக் கொடுத்த கணக்குத்தான்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அதோடு நிறுத்தியிருந்தால்கூட ஒருவேளை மன்னிப்புக்கு இடமிருந்திருக்கும். ஆனால் நோட்டுகளைப் புரட்டியபோது அவருக்கு வேறொரு குறை தென்பட்டது. நாள்வாரியாக எழுதப்பட்ட அறுநூறு பக்கங்களில் ஒருவர் எதையும் தேடி எடுக்க முடியாது. இப்படியொரு படைப்பை ஒரு நூலகர் சமர்ப்பித்தால் சிண்டிகேட்டில் என்ன நினைப்பார்கள்? ஆகவே மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்து, வெள்ளைத்தாளில் அகர வரிசைப்படி பெயரடைவு தயாரித்தார். ஒவ்வொரு வாசகரின் பெயர், அதற்கு நேரே நோட்டு எண், பக்க எண். நகரமும் ஊகாரமும் வந்தபோது பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது: "நூர்முகமது — II: 41, 58, 59, 102; III: 7, 19, 33–36, 88."

எண்பத்தெட்டாம் பக்கம்தான் அந்த அரைப் பக்கம்.

மறுநாள் இயக்குநர் நோட்டுகளைப் புரட்டவே இல்லை. பெயரடைவை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். "பிரமாதம்," என்றார். "இதுதான்யா லைப்ரரியன் வேலை." அந்தப் பாராட்டைக் கேட்டு ஒரு நொடி மகிழ்ந்ததுதான் பின்னால் கங்காதரனை மிகவும் வருத்தியது.

அந்த ஜூன் மாதத்தில் ஆணை வந்தது. நூலகர் இனி விரிவுரையாளருக்கு நிகர். ஆசிரியர் மன்றத்தில் உறுப்பினர். முதல் கூட்டத்துக்கு அவர் சலவை மடிப்புக் கலையாத சட்டையுடன் போனார். நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது பொருள்: தற்காலிகப் பயிற்றுநர் நூர்முகமதுவின் பணியைப் புதுப்பிக்க வேண்டாம் என்ற தீர்மானம். இணைப்பாக ஒரு தட்டச்சுத் தாள் சுற்றில் வந்தது. பக்க எண்கள் அவர் எழுதிய அதே வரிசையில், அதே அரைப்புள்ளியுடன் இருந்தன.

கங்காதரன் எழுந்தார். எழுந்துவிட்டோம் என்பதே அவருக்கு அச்சமாக இருந்தது.

"ஐயா, ஒரு சிறு விண்ணப்பம். நூலகத்தில் நூல் எடுத்துப் படிப்பது... ஆசிரியர்களின் ஆராய்ச்சிச் சுதந்திரத்தைச் சேர்ந்தது. அதைக் குற்றமாகக் கருதுவது..."

"குற்றம்னு யார் சொன்னா?" என்றார் இயக்குநர் இனிமையாக. "ஒரு லிஸ்ட்டு இருக்குது, அவ்வளவுதான். லிஸ்ட்டு உங்களோடதுதானே?"

யாரோ சிரித்தார்கள். பொருளியல் பேராசிரியர் அருணகிரி, "புது மெம்பர் மொத நாளே பேசிட்டாரே!" என்று தட்டிக்கொடுப்பதுபோல் சொன்னார். கங்காதரன் உட்கார்ந்தார். கையெழுத்துத் தாள் அவரிடம் வந்தபோது, எல்லாரும் போட்ட இடத்தில் அவரும் போட்டார்.

அடுத்த வாரம் நூர்முகமது நூலகத்துக்கு வந்தார். பாக்கி எதுவும் இல்லை என்று நூலகர் கையெழுத்துப் போட்டால்தான் கடைசிச் சம்பளம். தம் சீட்டுகள் நான்கையும் மேசைமீது வைத்தார். கங்காதரன் அவற்றை எண்ணாமலே கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணுதான் சார் எனக்கு வெளங்கல," என்றார் நூர்முகமது. "புக்கு திரும்பிட்டா நம்ம லைப்ரரில அடையாளமே இருக்காதுன்னு நீங்கதான சொல்வீங்க? பக்க நம்பரோட போட்டுக் குடுத்துருக்காங்களாமே. அந்தக் குறிப்பேட்டை நான் பாத்தது மூணு பேருக்குத்தான் தெரியும். நான், நீங்க, மாயவன்."

ஒரு வாக்கியம் போதும். மேசைமீது புதிய பெயர்ப்பலகை இருந்தது. அதைக் கங்காதரன் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

"நீங்க செய்ய மாட்டீங்க," என்றார் நூர்முகமது, தாமே முடிவுக்கு வந்தவராக. "பாவம், அவனுக்கு எவ்ளோ குடுத்தாங்களோ. சரி சார், வரேன். உங்களுக்குப் பதவி வந்துது பாருங்க, அதுல எனக்கு உண்மையாவே சந்தோஷம்."

அவர் படியிறங்கிப் போகும்வரை கங்காதரன் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பத்து நாள் கழித்து மாயவன் வேலைக்கு வந்தபோது வழக்கமான பேச்சு இல்லை. ஏணியில் ஏறினார், இறங்கினார். பகல் சாப்பாட்டு வேளையில் கங்காதரனே கேட்டார்.

"என்ன மாயவா, உடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு இன்னா சார்? நல்லாத்தான் கீது." சிறிது நேரம் தரையைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம கட்டுமரத்துல ஏற வுடல. மரத்த ஓட்டற தண்டல் சடையன் கீறாரு இல்ல, எங்க மாமன்தான், அவரே சொல்லிட்டாரு. ஊருக்காக எழுதுன வாத்தியாரக் காட்டிக் குடுத்தவன் கூட கடல்ல போனா வெளங்குமான்றாரு. எங்க வூட்டுக்காரி சாந்தா மீன் கூடைய எறக்குனா பக்கத்துல ஒருத்தியும் குந்த மாட்டேன்றாளுங்க."

"நீ மறுத்துச் சொல்லவில்லையா?"

"நான் இல்லன்னு சொன்னேன். அப்ப யாருன்னு கேட்டானுங்க." மாயவன் முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார். "தெர்லன்னு சொல்லிட்டேன் சார்."

கங்காதரன் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்தார். தம்மைக் காப்பாற்றும்படி அவர் யாரையும் கேட்கவில்லை. ஆனாலும் ஒருவர் தம் ஊரையே இழந்துகொண்டு அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோவளத்துக்குப் போனார். கதவைத் திறந்தவர் நூர்முகமதுவின் தங்கை லத்தீஃபா. பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"அண்ணன் எப்பவும் சொல்லும் சார், கேக்காத புக்கையும் தேடி எடுத்து வெப்பாரு ஒருத்தர்னு. உள்ள வாங்க, டீ போடறேன்."

"வேண்டாம் அம்மா. தயவுசெய்து வேண்டாம்."

நூர்முகமது சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கங்காதரன் வாசலிலேயே நின்று, நோட்டைப் பற்றியும் மனுவைப் பற்றியும் வரிசை தவறாமல் சொன்னார். மாயவன் எலி என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். லத்தீஃபாவின் கை கதவிலேயே நின்றுவிட்டது. எல்லாம் முடிந்தபின் நூர்முகமது கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"நோட்டக் குடுத்தீங்க, சரி. கேட்டாங்க, பயந்துட்டீங்க. அந்தப் பேர் வரிசைய யார் சார் கேட்டாங்க?"

"யாரும் கேட்கவில்லை," என்றார் கங்காதரன். கேட்காததைக் கண்டறிந்து கொடுப்பதில் தமக்கிருந்த பெருமையெல்லாம் அந்த இரண்டு சொற்களில் வந்து நின்றதை அவரே கேட்டார்.

நூர்முகமது செருப்பை மாட்டினார். "எங்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டா உங்களுக்கு ஆறிடும். நான் மாயவனப் பத்தி நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கேன் சார். வாங்க, குப்பத்துக்குப் போவலாம்."

பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போனார்கள்.

சவுக்குமேட்டில் கட்டுமரங்கள் கரையேறியிருந்தன. மீன் ஏலம் முடிகிற நேரம். தண்டல் சடையனும் ஏழெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். மாயவன் தம் குடிசை வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தவர், கங்காதரனைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"சார், இன்னாத்துக்கு சார் இங்க வந்தீங்க? போங்க சார்."

கங்காதரன் கைகளைக் கட்டிக்கொண்டு, ஏலம் எடுக்கும் இடத்துக்கு நடுவே போய் நின்றார். "பெரியோர்களே, வாசகரின் அந்தரங்கத்தைக் காக்கும் கடமையிலிருந்து நான் தவறிவிட்டேன். என் பணித்தகுதியை உயர்த்திக்கொள்ளும் பொருட்டு, என் பொறுப்பிலிருந்த குறிப்புகளை..."

"இன்னாயா சொல்றாரு இந்த ஆளு?" என்றார் சடையன் பக்கத்திலிருந்தவரிடம். "எலக்‌சன் எதுனா வருதா?"

சிரிப்பு எழுந்தது. கங்காதரன் நூர்முகமதுவைப் பார்த்தார். எடுத்துச் சொல்ல அவர் முன்வரவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கங்காதரன் கட்டியிருந்த கைகளை விட்டார்.

"வாத்தியார் பேர எழுதிக் குடுத்தது நான்," என்றார். "மாயவன் இல்ல. நான்தான். அவன் வேணாம்னு சொன்னான்."

சிரிப்பு நின்றது.

"எதுக்கு?" என்றார் சடையன். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"எனக்கு மரியாத வேணும்னு."

சடையன் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வைவார் என்று கங்காதரன் எதிர்பார்த்தார். வைதால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தார். சடையனோ திரும்பி, "டேய் மாயவா, இன்னாடா அங்கயே குந்திகினுகீற? வலைய வந்து புடி," என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது. சாந்தா தம் கூடையைத் தூக்கிக்கொண்டு, கங்காதரனைக் கடந்து, மற்றப் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனார். ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். மாயவன் மாமன் பின்னால் ஓடினார். நூர்முகமது கரையிலேயே நின்றுவிட்டார்.

தார்ச்சாலையில் செங்கல்பட்டுப் பேருந்துக்காகக் குப்பத்துக்காரர்கள் சிலரும் காத்திருந்தார்கள். ஒரு புளியமரத்தின் சின்ன நிழல்; அதில் ஏழு பேர் நின்றார்கள். கங்காதரன் வருவதைப் பார்த்ததும் அவர்கள் மெதுவாக வெயிலுக்கு நகர்ந்துகொண்டார்கள். அந்த நிழல் முழுவதும் அவருக்கே கிடைத்தது. பேருந்து வரும்வரை அவர் அதன் நடுவில், யாரும் பக்கத்தில் இல்லாமல் நின்றார்.